கிளியின் குற்றம் என்ன?

நேற்றுவரை தோளில் அமர்ந்து கொஞ்சிய கிளி, இன்று கையை நீட்டியவுடன் கொத்துகிறது. ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது வாயடைத்துக் கிடக்கிறது. அல்லது தன் இறகைத் தானே பிடுங்கி எறிகிறது. வீட்டார் முதலில் வருந்துகின்றனர். வருத்தம் விரைவில் வழக்காகிறது. "பழமும் பருப்பும் ஊட்டி வளர்த்தோமே, நன்றி கெட்டது!" என்று தீர்ப்பும் எழுதப்பட்டுவிடுகிறது. நாம் இங்கு ஆராய விழைவது இத்தீர்ப்பையே. தன் நிலையை எடுத்துரைக்க இயலாத ஓர் உயிரின் செயலுக்குப் பொருள் கூறும் உரிமை நமக்கு எவ்வளவு உண்டு? கிளி பேசுமே என்பர் சிலர். உண்மைதான்; ஆனால் "எனக்கு வலிக்கிறது" என்னும் சொற்றொடரை அதற்கு எவரும் கற்பிப்பதில்லை.

விலங்குகளை இயந்திரங்களுக்கு ஒப்பிட்டார் 17ஆம் நூற்றாண்டின் மெய்யியலார் டெக்கார்ட். அவருக்கு நான்கு நூற்றாண்டுகள் முன்னர் வாழ்ந்த புனித தோமா அக்குவினாவின் பார்வை நுட்பமானது. ஓநாயைக் கண்ட ஆடு ஓடுவது, அதன் நிறமோ வடிவமோ பிடிக்காமையால் அன்று. அது தனக்குத் தீங்கு என்று உணர்வதால் என்கிறார் அவர். நன்மை தீமையை அளந்தறியும் ஓர் இயற்கைத் திறனை அவர் விலங்குகளுக்கு வழங்குகிறார். அப்படியானால் கிளியின் கொத்தலிலும் ஓர் அளவீடு இருக்கிறது. எதை அளந்தது என்பதே கேள்வி.

இங்கே நாம் பறவையின் பக்கம் போயாக வேண்டும். கிளி, பிற உயிர்களுக்கு இரையாகும் இனம். கூட்டத்தில் சோர்ந்து நிற்பதன்மீதே வல்லூறின் கண் முதலில் விழும். ஆகவே நோயை மறைப்பது அதன் பிறவிக்குணம். உடல் இளைத்தாலும் இறகு அதை மூடிவிடுகிறது. விரலால் தடவிப் பார்ப்பவருக்கே மார்பெலும்பு துருத்தி நிற்பது தெரியும். இறகை உப்பிக்கொண்டு கூண்டின் அடித்தட்டில் அது அமரும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். சூரியகாந்தி விதையையே நாளும் தின்ற கிளிக்கு வைட்டமின் ஏ குறைகிறது. துத்தநாகம் பூசிய கம்பியைக் கடித்துக் கடித்து நஞ்சேறுவதும் உண்டு. அளவுக்கு மீறிச் சூடேறிய நான்ஸ்டிக் வாணலியின் ஆவி, அதே வீட்டில் உள்ள பறவையைச் சிறிது நேரத்திலேயே கொன்றுவிடும். இறகு உதிர்ந்து முளைக்கும் பருவத்தில் புதுக்குருத்துகளில் இரத்தம் ஓடும். நாம் அன்பாகத் தடவுவது அப்போது அதற்கு வேதனை. பச்சைக்கிளி மூன்றாம் வயதை ஒட்டிப் பருவம் எய்துகிறது; ஆணுக்குக் கழுத்து வளையம் தோன்றுவதும் அப்போதுதான். இனப்பெருக்க மாதங்களில் அதன் குணம் கடுமையாகும். இன்னொன்று, தூக்கம். பத்துப் பன்னிரண்டு மணி நேர இருளும் அமைதியும் வேண்டிய பறவையைத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு அருகில் தொங்கவிட்டு, காலையில் அதன் சினத்தைக் கண்டு வியக்கிறோம்.

பழி சுமத்துவது ஒரு பிழை. நம் உணர்ச்சிகளை அதற்கு அணிவித்து, "பொறாமை", "ரோஷம்" என்று பெயரிட்டு மகிழ்வது மற்றொன்று. இது அன்பின் வேடம் பூண்டு வருவதால் எளிதில் பிடிபடாது. நாம் அறிந்த ஓர் இல்லத்தில் மருமகள் வந்த மாதத்திலிருந்து கிளி பேசவில்லை. "அவள் அடியெடுத்து வைத்த நேரம்" என்றனர் முதியோர். (கிறிஸ்தவ இல்லங்களிலும் இப்பேச்சு உண்டு என்பதை மறைப்பதற்கில்லை.) அப்பெண்ணின் பீரோவுக்கு இடம் வேண்டிக் கூடத்துச் சன்னலோரம் இருந்த கூண்டைச் சமையலறை மூலைக்கு மாற்றியிருந்தனர். வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இழந்த பறவை வாய்மூடிற்று. கூண்டு இடம் மாறியதை எல்லாரும் கண்டிருந்தனர். எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. கிளியின் மௌனத்தைச் சுமந்தவள் புதிதாய் வந்த பெண்.

"திடீரென்று மாறிவிட்டது" என்கிறோம். பெரும்பாலும் மாற்றம் திடீரென வருவதில்லை. நம் கவனமே திடீரென விழிக்கிறது. ஆயினும் இதையும் அளவோடுதான் சொல்ல வேண்டும். அமெரிக்க ஆய்வாளர் ஐரீன் பெப்பர்பெர்க் 1977 முதல் முப்பது ஆண்டுகள் ஆய்ந்து வந்த அலெக்ஸ் என்னும் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி நூற்றுக்கும் மேற்பட்ட சொற்களை அறிந்திருந்தது. சோதனை சலித்துவிட்டால், சரியான விடை ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லா விடைகளையும் சொல்லுமாம். அதன் தவறான விடை அறியாமையன்று என்று கண்டுகொள்ளவே பொறுமை தேவைப்பட்டது. அத்துணைக் கவனத்தோடு பேணப்பட்ட அப்பறவை, முன்னாள் மாலைவரை வழக்கம்போல் இருந்து, 2007 செப்டம்பர் 6 அன்று காலை இறந்து கிடந்தது. எத்துணை உற்று நோக்கினும் நமக்குப் புலப்படாத ஒன்று மற்ற உயிரில் எஞ்சியே நிற்கிறது.

ஆனால் கவனிக்கும் கடமையை இது தளர்த்துவதாகாது. ஏனெனில் பூட்டு நம் கையில் இருக்கிறது. மரத்திலுள்ள கிளிக்குப் பிடிக்காத இடத்தைவிட்டுப் பறக்க வழியுண்டு. கூண்டில் இருப்பதற்கு அலகு ஒன்றே உண்டு. நம் நாட்டுக் கிளிகளைப் பொறுத்தவரை வழக்கு இன்னும் முன்னதாகவே தொடங்குகிறது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அவற்றைப் பிடிப்பதையும் விற்பதையும் வீட்டில் வைத்திருப்பதையும் குற்றமாக்கியுள்ளது. மரப்பொந்திலிருந்து குஞ்சாக எடுக்கப்பட்டு, சிறகு வெட்டப்பட்டு வந்த பறவையிடம் நன்றியை எதிர்பார்ப்பவர்கள் இதையும் கருத வேண்டும்.

உடனே கதவைத் திறந்துவிடுவதும் இரக்கமாகாது. பறந்தறியாத சிறகு பூனைக்கும் காகத்துக்குமே பயன்படும். வனத்துறையினரிடம் ஒப்படைப்பதே முறை. கூண்டைத் தூக்கிச் செல்கையில் அது அலறும், கொத்தும். எங்களைப் பிரிய மனமின்றி அலறுகிறது என்று அப்போதும் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம்.