வரிசைக்கு முந்திய வரிசை

2021 மார்ச்சில் ஒரு நாள் காலை, பல்லரோச் சந்தைக்குப் பின்னால் நாங்கள் இருக்கும் கட்டடத்தின் கீழ்வீட்டு அக்கா, தான் பராமரிக்கும் எண்பத்தாறு வயதுச் சினோறாவைக் கைத்தாங்கலாக டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு பியேரா தெல் மெதித்தெரானேயோவுக்குப் போனார். பலெர்மோவின் பெரிய தடுப்பூசி நிலையம் அங்கேதான் இருந்தது. சினோறா உள்ளே போனார். அக்கா கைப்பையைப் பிடித்தபடி வெளியில் நின்றார். பிறகு வீட்டுக்குக் கூட்டி வந்து, சூப் பருக்கி, படுக்க வைத்துவிட்டு இரவு வந்து சொன்னார்: "அவவுக்குப் போட்டாச்சு. எனக்கு எப்ப எண்டு கேக்கிறதுக்கு ஒரு இடமுமில்லை."

அன்றிரவு எங்கள் அறையில் தொடங்கிய வாக்குவாதம் மாதக்கணக்கில் ஓடியது. நாங்கள் நால்வர், எல்லோருக்கும் றெஸ்ரோறன்ட் வேலை. எங்கள் அறையின் படிப்பெல்லாம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தோடு விட்டுவந்த அரைகுறை மெய்யியல்தான்.

மருந்து கொஞ்சம், ஆட்கள் அதிகம். யாருக்கு முதலில் கொடுப்பது? இத்தாலி 2020 டிசம்பர் 27ஆம் திகதி ஊசி போடத் தொடங்கியபோது, முதலில் வைத்தியசாலை ஊழியர், முதியோர் இல்லங்களில் இருப்போர், பிறகு எண்பது கடந்தோர் என்று ஒழுங்கு வைத்தது. இந்த நாட்டில் கொரோனாவால் இறந்தவர்களின் சராசரி வயது எண்பதளவில் இருந்தது. ஆகவே ஒரு ஊசி அதிக உயிரைக் காப்பாற்றக்கூடிய இடம் அதுவே. எங்களில் ஒருவர் இதை ஏற்கவில்லை. "கிழவி வாழ்ந்து முடிச்சவ. நான் விழுந்தால் ஊரில அஞ்சு சீவன் பட்டினி" என்றார். அதைச் சுலபமாகத் தள்ளிவிட எங்களால் முடியவில்லை. ஆனால் எத்தனை பேருக்குச் சோறு போடுகிறான் என்பதே அளவுகோலென்றால், எங்கள் முதலாளி எங்களுக்கு முன்னால் போய்விடுவார், அவருடைய முதலாளி அவருக்கும் முன்னால். அந்த அளவுகோலில் கோப்பை கழுவுகிறவன் ஒருநாளும் முன்னுக்கு வரமாட்டான்.

அக்காவின் கேள்வி வேறு. அவர் உழைப்பாளி என்ற வகையில் கேட்கவில்லை. கிழவியோடு நாள் முழுக்க மூச்சு விடுகிறவர் என்ற வகையில் கேட்டார். கடும் அங்கவீனம் உள்ளவர்களைப் பராமரிப்போருக்கு மார்ச் மாதத் திட்டத்தில் இடம் இருந்தது. சினோறாவிடம் இருந்தது முதுமை மட்டும். அதற்குச் சான்றிதழ் இல்லை. ஊசி போட்டவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவது எவ்வளவு குறையும் என்பது அப்போதுதான் தெரியவரத் தொடங்கியிருந்தது என்பதையும் சொல்லவேண்டும். திட்டம் போட்டவர்கள் எல்லோரையும் வஞ்சகர் என்று நாங்கள் எழுதப்போவதில்லை.

ஆனால் சில பிராந்தியங்களில் வழக்கறிஞர்களும் பல்கலைக்கழக ஊழியர்களும் எழுபது வயதுக்காரருக்கு முன்னால் ஊசி போட்டுக்கொண்டார்கள். முறை வரமுன் போட்டுக்கொண்ட விவகாரத்தில் கொர்லியோனே மேயர் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். ஏப்ரல் 8ஆம் திகதி பிரதமர் திராகியே முந்தியடிப்பவர்களின் மனச்சாட்சியைப் பற்றிக் கேட்டார். மறுநாள் ஜெனரல் பில்யுவோலோ வயது ஒழுங்கையே பிடிக்கும்படி கட்டளையிட்டார். கூச்சல்போடச் சங்கம் வைத்திருந்த தொழில்கள் ஏற்கெனவே பட்டியலில் ஏறிவிட்டிருந்தன. எங்கள் தொழிலுக்கும் சங்கங்கள் இருக்கின்றன, கைச்சம்பளக்காரன் அவற்றின் வாசலுக்குப் போவதில்லை.

மிஞ்சிய ஊசியின் கதையைச் சொல்ல எங்களுக்குக் கொஞ்சம் கூச்சம். பைசர் குப்பியைக் கரைத்தால் ஆறு மணித்தியாலத்துக்குள் முடிக்கவேண்டும். வீணாக்குவதைவிட வழியால் போகிறவனுக்காவது போடுங்கள் என்ற கருத்தில் அதே ஜெனரல் மார்ச்சில் பேசியிருந்தார். எங்கள் முதலாளிக்கு ஓரிடத்தில் ஒருவரைத் தெரியும். "பின்னேரம் ஏழு மணிக்கு வாருங்கள், மிஞ்சினால் போடுவார்கள்" என்று எங்களில் இருவருக்குச் சொன்னார். குப்பைக்குப் போவதை எடுப்பதில் என்ன பிழை என்று ஒருவர் கேட்டார். அது எத்தனை மணிக்கு மிஞ்சும் என்பது யாருக்குத் தெரிகிறது என்று மற்றவர் கேட்டார். வழியால் போகிறவன் என்றால் உண்மையில் வழியால் போகிறவனல்ல, சொல்லிவைத்த ஆளுள்ளவன். ஒருவர் போனார், ஒருவர் போகவில்லை. போனவரை நாங்கள் தடுக்கவுமில்லை. இரண்டு நாள் அறையில் அதிகம் பேச்சில்லை.

எங்கள் தெருவில் எல்லோரும் மாமா என்று கூப்பிடுபவருக்கு அப்போது அறுபத்துமூன்று வயது. சொஜோர்ணோ புதுப்பிக்கப்படாமல் விசா இல்லாதவர். வயது ஒழுங்கின்படி எங்களுக்கு முன்னால் அவருக்கு முறை. 1998ஆம் ஆண்டுச் சட்டம் விசா இல்லாதவருக்கும் அவசியமான வைத்தியம் உண்டென்கிறது, வைத்தியசாலை அவரைப் பொலிசுக்குக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்றும் சொல்கிறது. அவர்களுக்கென்று எஸ்.ரி.பி. என்றொரு இலக்கமும் உண்டு. ஆனால் பல பிராந்தியங்களின் முன்பதிவுக் கொம்பியூட்டர்கள் சுகாதார அட்டையின் இலக்கத்தைக் கேட்டன, எஸ்.ரி.பி.யை எழுதக் கட்டம் இல்லை. சட்டம் மறுக்காததைக் கட்டம் மறுத்தது.

2009இல் மெனிக் பாமில் இருந்தவர்களுக்கு இது புதிதல்ல. சோற்று வரிசைக்கு முன்னால் பதிவு வரிசை இருந்தது. பதிவில் இல்லாதவனுக்குப் பசியும் இல்லை என்பதுபோலத்தான் நடந்தது. சோற்று வரிசையில் யார் முந்தினார் என்று சண்டை பிடித்தோம். பதிவு வரிசையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஜோன் றோல்ஸ் 1971இல் எழுதிய நீதிக் கோட்பாட்டை நாங்கள் பாதிதான் படித்தோம். சமூகத்தில் தனக்கு எந்த இடம் கிடைக்கும் என்று தெரியாத நிலையில் நின்று விதிகளை எழுதச் சொன்னவர் அவர். நல்ல யோசனை. ஆனால் அந்தச் சமூகத்தை அவர் மூடிய வீடாக எடுத்துக்கொள்கிறார். வாசலில் நிற்கிறவர் கணக்கில் வருவதில்லை. யாருக்கு முதலில் என்று நியாயமாக யோசிக்கிற திட்டம், யாருடைய பெயர் இன்னும் எழுதப்படவில்லை என்று அதற்கும் முதல் தேடிப்போக வேண்டாமா? தேடிப்போக முடியாததல்ல. 2021 ஏப்ரல் 3ஆம் திகதி சிசிலியின் ஏறத்தாழ 500 தேவாலயங்களில் ஊசி போட்டார்கள். மாமாவுக்கு அந்தக் கோடையில், கையால் இலக்கம் எழுதிக்கொண்ட ஒரு தாதியின் தயவில் கிடைத்தது. தயவு என்ற சொல் எங்களுக்குப் பிடிக்கவில்லை, ஆனால் நடந்தது அதுதான்.

(1624இல் துனிஸிலிருந்து வந்த கப்பலோடு இந்த நகருக்குக் கொள்ளைநோய் வந்தது. மொந்தே பெல்லெகிரீனோ மலைக்குகையில் கண்டெடுத்த சந்தா றொசாலியாவின் எலும்புகளை மறுவருடம் ஊர்வலமாகக் கொண்டுபோனபோது நோய் போனதென்பது ஐதீகம். ஞாயிறுகளில் அந்த மலைக்கு எங்கள் சனம், சைவர்களும்தான், ஏறுகிறது. அவள் அட்டை கேட்பதில்லை என்று அக்கா சொல்லுவார்.)

ஜூன் 3ஆம் திகதி இத்தாலியில் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் முன்பதிவு திறந்தது. எங்கள் முறையும் வந்தது. யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிய 50,000 சினோபார்ம் ஊசிகள் போடத் தொடங்கியது அதற்கு நாலு நாளுக்கு முன்புதான், மே 30ஆம் திகதி. இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியதால், கோவிஷீல்டின் முதல் ஊசியை மட்டும் போட்டுக்கொண்டு இலங்கையில் ஏறத்தாழ ஆறு இலட்சம் பேர் இரண்டாவதுக்குக் காத்திருந்தார்கள். நோயற்ற முப்பது வயதுக்காரரான எங்களுக்குப் பலெர்மோவில் நேரம் குறித்துத் தந்தார்கள். அறுபத்தெட்டு வயது அம்மா கோண்டாவிலில். நாங்கள் வேண்டாமென்றால் அந்த ஊசி கோண்டாவிலுக்குப் போகாது. போகாதென்று தெரிந்துதான் கையை நீட்டினோம்.

அன்று பின்னேரம் எங்களில் ஒருவர் வீட்டுக்குப் போன் எடுத்தார். "உனக்குப் போட்டாச்சோ? நல்லது ராசா" என்று அம்மா சொன்னார். "இஞ்ச விதானையார் பேர் எழுதிக்கொண்டு போனவர். இன்னும் கூப்பிடேல்லை."