சொல்லும் சாய்தளமும்

வங்கி முகப்பில் பார்வையற்ற ஒருவர் பாஸ்புக்குடன் நிற்கிறார். துணைக்கு வந்த பையனைப் பார்த்து ஊழியர் கேட்கிறார்: "சாருக்குக் கையெழுத்துப் போட வருமா?" 'சார்' என்றுதான் சொன்னார், குரலிலும் பணிவு உண்டு. ஆனால் கணக்கு வைத்திருப்பவரிடம் அவர் பேசவே இல்லை.

இதைக் காட்டி, சொல்லில் கவனம் காட்டுவதெல்லாம் வெறும் மேற்பூச்சு என்று வாதிடுபவர்கள் உண்டு. தமிழக அரசு 2010-ல் 'ஊனமுற்றோர்' என்பதை நீக்கி 'மாற்றுத்திறனாளி' என்றாக்கியது; பெயர் மாறிய வேகத்தில் சாய்தளம் வந்ததா என்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பேச்சுக்கும் சாய்தளத்துக்கும் தொடர்பே இல்லை என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது.

2024-ல் சென்னை அசோக் நகர் அரசுப் பள்ளிக்குப் பேச வந்தவர், முற்பிறவிப் பாவத்தால்தான் சிலர் உடற்குறையோடு பிறக்கிறார்கள் என்றார். அங்கேயே அவரை மறித்துக் கேட்டவர் பார்வையற்ற ஆசிரியர் ஒருவர். வசைச்சொல் எதுவும் தேவைப்படாத இழிவு அது. ஆன்மிகம் என்ற பெயரில் மாணவிகளுக்குப் பரிமாறப்பட்டது. குறை அவரவர் செய்த பாவத்தின் பலன் என்று நம்பிவிட்டால், சாய்தளம் கட்டும் கடமை ஊருக்கு எங்கிருந்து வரும்?

மாற்றுத்திறனாளியைப் பொது இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை என்கிறது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவு. உள்நோக்கம் இல்லாத பேச்சைச் சட்டம் விட்டுவிடும். அறம் அப்படி விட்டுவிடலாமா?

அதற்காகப் பேச்சையே முடக்கிக்கொள்ள வேண்டியதில்லை. பார்வையற்றவரிடம் "அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறார்கள். பார்வையற்றவர்களே சகஜமாகச் சொல்லும் வார்த்தைதான் அது. 'மாற்றுத்திறனாளி' என்ற பெயரும் எல்லோருக்கும் உவப்பானதல்ல. உரிமை கேட்பதற்கு மாற்றுத் திறன் எதையும் நிரூபிக்க வேண்டுமா என்று கேட்பவர்களும் மாற்றுத்திறனாளிகளுக்குள் இருக்கிறார்கள். எப்படிக் குறிப்பிடலாம் என்று உரியவரிடமே கேட்டுவிட்டால் தீர்ந்தது.

பழமொழிகளின் சங்கதி வேறு. ஆண்டுக்கணக்கில் மனுக் கொடுத்தும் சாலை வராத ஊரைப் பற்றிய செய்திக்கு 'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்று தலைப்பு வைக்கிறார்கள். மனுவை வாங்கிய அதிகாரிக்குக் காது நன்றாகவே கேட்கும். கேட்டும் அசையவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. இதில் காது கேளாதவரை எதற்கு இழுக்க வேண்டும்? செய்தி ஆசிரியர்கள் 'மனுவுக்கு அசையாத அதிகாரிகள்' என்றே தலைப்பிடலாம். இடமும் மிச்சம்.