ரசிகரின் ஆவலுக்கு விலை வைக்கலாமா?

பெரிய இசை நிகழ்ச்சியின் டிக்கெட்டுக்கு எப்போதும் இரண்டு விலைகள் உண்டு. ஒன்று கலைஞரும் அமைப்பாளரும் குறித்த விலை. மற்றொன்று, அதே இருக்கைக்கு யாரோ ஒருவர் கொடுக்கத் துணியும் விலை. அரங்கில் ஐம்பதாயிரம் இடமும் வாசலில் ஐந்து லட்சம் பேரும் இருந்தால், இரண்டாவது விலை முதலாவதை எளிதில் பல மடங்கு தாண்டிவிடும். அந்த இடைவெளியில் கிடக்கும் பணம் யாருக்கு உரியது என்பதே டிக்கெட் விற்பனையைச் சுற்றி எழும் அறக் கேள்வி. குறித்த விலைக்கு வாங்கி பிளாக்கில் விற்பவர் அதைத் தன் பையில் போட்டுக்கொள்கிறார். தேவை ஏறும்போது விற்பனைத் தளமே விலையை ஏற்றும் ‘டைனமிக் பிரைசிங்’ முறையில் அது கலைஞருக்கும் அமைப்பாளருக்கும் போய்ச் சேர்கிறது. இடைவெளியைத் தொடாமல் விட்டால் அது ரசிகரிடமே தங்கும்.

ராக் இசைக் கலைஞர்களில் பலர் பல பத்தாண்டுகள் இந்த மூன்றாவது வழியில்தான் நடந்தார்கள். வரும் பணத்தை வேண்டாமென்று விடுவது பொருளியலாளர்களுக்கு விளங்காப் புதிராக இருந்தது. காரணம் அவ்வளவு ஆழத்தில் இல்லை. மேடைக்கு முன்னால் பணக்காரர்கள் மட்டும் உட்கார்ந்திருக்கும் கச்சேரியில் உயிர் இருப்பதில்லை. இன்று இருபது வயதில் மலிவு டிக்கெட்டில் வந்தவர் நாற்பது ஆண்டுகள் கூடவே வருவார். மேலும், தட்டுப்பாட்டைப் பயன்படுத்தி விலை ஏற்றுபவரை மக்கள் மன்னிப்பதில்லை. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், பனிப்புயலுக்கு மறுநாள் காலை 15 டாலர் மண்வாரியை 20 டாலருக்கு விற்கும் கடைக்காரரின் செயல் நியாயமா என்று கேட்டார்கள். நூற்றுக்கு 82 பேர் அநியாயம் என்றார்கள்.

புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் இந்தப் பழைய வழக்கத்தின் அடையாளமாக இருந்தவர். ஆலைத் தொழிலாளரின் வாழ்வைப் பாடியவர், டிக்கெட்டையும் அவர்கள் கைக்கு எட்டும் விலையில் வைத்திருந்தார். 2022 ஜூலையில் அவருடைய அமெரிக்கச் சுற்றுப்பயண டிக்கெட்டுகள் டிக்கெட்மாஸ்டர் தளத்தில் விற்பனைக்கு வந்தபோது, தேவைக்கேற்ப விலை ஏறிய சில இருக்கைகள் 4,000, 5,000 டாலர் வரை போயின. அப்படி விலை ஏறியவை மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான் என்று நிறுவனம் விளக்கியது. ரசிகர்கள் ஆறவில்லை. 1980இலிருந்து அவருக்காகவே வெளிவந்த ‘பேக்ஸ்ட்ரீட்ஸ்’ இதழ் இதனால் மனம் விட்டுப்போய் 2023 பிப்ரவரியில் தன்னை மூடிக்கொண்டது. ஸ்பிரிங்ஸ்டீன் சொன்ன காரணம் ஒன்றுதான்: அந்தப் பணம் எப்படியும் இடைத்தரகரிடம் போகிறது, மேடையில் உழைப்பவர்களுக்குப் போனால் என்ன?

வலுவான வாதம்தான். ஆனால் இரண்டு கேள்விகளில் ஒன்றுக்குத்தான் அது பதில் சொல்கிறது. பணம் யாருக்கு என்ற கேள்வியில் தரகரைவிடப் பாடகருக்கு உரிமை அதிகம் என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். இருக்கை யாருக்கு என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. ஆயிரம் டாலர் கொடுக்க இயலாத பேருந்து ஓட்டுநருக்கு, அதைக் கேட்பது தரகரா தளமா என்பதில் என்ன வேறுபாடு? அவர் இரண்டு முறையிலும் அரங்குக்கு வெளியேதான் நிற்கிறார்.

இருக்கை யாருக்கு என்பதற்குச் சந்தை ஒரு விடை வைத்திருக்கிறது: யார் அதிகம் மதிக்கிறாரோ அவருக்கு, அதிக விலை கொடுப்பவரே அதிகம் மதிப்பவர். மைக்கேல் சாண்டல் 2012இல் எழுதிய ‘பணத்தால் வாங்க முடியாதவை’ என்ற பொருள்படும் நூலில் இதன் ஓட்டையைக் காட்டுகிறார். கொடுக்கும் விருப்பத்துக்குள் கொடுக்கும் வசதியும் கலந்திருக்கிறது. ஒருவருக்கு ஒரு மாத வாடகையாக இருக்கும் தொகை இன்னொருவருக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவு; இருவரும் அதையே கொடுத்தால் இருவரின் ஆவலும் சமம் என்று ஆகிவிடாது. புல்லாங்குழலை யாருக்குத் தர வேண்டும் என்று ‘அரசியல்’ நூலில் கேட்ட அரிஸ்டாட்டில், செல்வருக்கோ உயர்குடிக்கோ அன்றி நன்றாக வாசிப்பவருக்கே என்றார். பொருள் எதற்காக இருக்கிறதோ அதை வைத்தே பங்கீடு அமைய வேண்டும் என்பது அவர் நோக்கு. கச்சேரி கேட்பதற்காக இருக்கிறது. ஆகவே ஆழ்ந்து கேட்பவருக்கே முதல் உரிமை. ஆனால் ஆழ்ந்து கேட்பவர் யார் என்று அளக்கக் கருவி கிடையாது. வரிசை, நேரம் உள்ளவருக்குச் சாதகம். குலுக்கல் எவருடைய பக்தியையும் பொருட்படுத்தாது. எனினும் எவருடைய ஏழ்மையையும் தண்டிக்காது. இருக்கும் வழிகளில் அதுவே தீங்கு குறைந்தது.

அதிக விலை வாங்குவதே பாவமா என்ற பழைய கேள்வியை இடைக்காலக் கிறித்தவ இறையியல் கூர்மையாகவே ஆராய்ந்தது. 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் தம் ‘இறையியல் தொகுப்பு’ நூலில் வாணிகத்தில் ஏமாற்றுவது பற்றிய வினாவை எடுத்துக்கொள்கிறார். ஒரு பொருளை விட்டுக்கொடுப்பதால் விற்பவருக்குத் தனி இழப்பு உண்டானால், அந்த இழப்பையும் விலையில் சேர்க்கலாம். வாங்குபவருக்கு அது மிகவும் தேவைப்படுகிறது என்ற ஒரே காரணத்துக்காக விலையைக் கூட்டக் கூடாது. ஏனெனில் அந்தத் தேவை வாங்குபவரின் நிலையிலிருந்து பிறந்தது. விற்பவருக்கு அது சொந்தமில்லை. சொந்தமில்லாததை எவரும் விற்க முடியாது. டைனமிக் பிரைசிங்கின் அடித்தளத்தையே தொடும் சிந்தனை இது. முந்தின நாள் வைத்த விலையில் மேடைச் செலவும், கருவிச் செலவும், பாடகரின் உழைப்பும் அடங்கியிருந்தன. விற்பனை தொடங்கிய இரண்டு மணி நேரத்தில் கூடியது வரிசையில் நிற்பவர்களின் ஆவல் மட்டுமே.

இதற்கு இரண்டு மறுப்புகள் உண்டு; இரண்டும் எடையுள்ளவை. கச்சேரி சோறு அன்று, அது இல்லாமல் யாரும் சாகப்போவதில்லை என்பது முதலாவது. ரொட்டி விலைக்குப் பொருந்தும் கடுமையை இசைக்கு நீட்ட முடியாதுதான். ஆகவே எந்தக் கலைஞர் மீதும் மலிவாக விற்கும் கடமையைச் சுமத்த இயலாது. பசி இயற்கையில் வருவது, ஆனால் இந்த ஆவலைப் படைத்தவர் பாடகரே என்பது இரண்டாவது மறுப்பு. அது பாதி உண்மை. பாட்டு அவருடையது. அந்தப் பாட்டை முப்பது ஆண்டுகள் தன் காதலிலும் துக்கத்திலும் சுமந்து திரிந்தது ரசிகர். அரங்கில் பல்லாயிரம் பேர் ஒரே குரலில் சேர்ந்து பாடும் அனுபவத்துக்காகத்தானே பாதிப் பேர் வருகிறார்கள்? அதை உண்டாக்குவதும் அவர்களே. தாங்கள் உண்டாக்கியதற்குத் தங்களிடமே கட்டணம் கேட்கப்படுகிறது என்ற உணர்வில் நியாயம் இருக்கிறது.

விலை எவ்வளவு என்பதைவிட, அது எப்படிச் சொல்லப்பட்டது என்பது இன்னும் அடிப்படையானது. பிரிட்டனின் ஓயேசிஸ் இசைக்குழு மீண்டும் இணைவதாக அறிவித்து, 2024 ஆகஸ்ட் 31இல் டிக்கெட் விற்பனை தொடங்கியது. கணினித் திரையில் மணிக்கணக்கில் வரிசையில் காத்திருந்தவர்கள் முன்னால் போய்ச் சேர்ந்தபோது, சுமார் 150 பவுண்டு என்று நினைத்து வந்த நின்று பார்க்கும் டிக்கெட் 355 பவுண்டாகக் காட்டியது. வாங்குவதா விடுவதா என்று முடிவெடுக்கச் சில நிமிடங்களே இருந்தன. நாடு முழுவதும் டைனமிக் பிரைசிங்கைத் திட்டியது. போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் விசாரித்து 2025இல் கண்டது வேறு. தேவையைப் பார்த்து நொடிக்கு நொடி விலையை மாற்றும் நிரல் எதுவும் அங்கே ஓடியதற்குச் சான்று இல்லை. நின்று பார்க்கும் டிக்கெட்டுகளை முன்கூட்டியே இரண்டு விலைகளாகப் பிரித்திருந்தார்கள். மலிவானவை தீர்ந்ததும் விலை கூடியவை வெளிவந்தன. வரிசையில் நின்றவர்களுக்கு இதைச் சொல்லவில்லை. ‘பிளாட்டினம்’ என்ற பெயரில் ஏறக்குறைய இரண்டரை மடங்கு விலைக்குச் சில இருக்கைகள் விற்கப்பட்டன; அவற்றில் கூடுதல் வசதி எதுவும் இல்லை.

கி.மு. 44இல் சிசெரோ தம் ‘கடமைகள்’ நூலில் எழுதிய எடுத்துக்காட்டோடு இது பொருந்திப்போகிறது. ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து ஒரு வணிகர் தானியக் கப்பலோடு முதலில் வந்து சேர்கிறார். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வருவது அவருக்குத் தெரியும், தீவு மக்களுக்குத் தெரியாது. சொல்ல வேண்டுமா? சட்டம் கேட்பதைச் சொன்னால் போதும், மற்றபடி கிடைக்கும் விலைக்கு விற்கலாம் என்றார் பாபிலோனின் டயோஜெனிஸ். விற்பவர் அறிந்தது அனைத்தும் வாங்குபவருக்கும் தெரிய வேண்டும் என்றார் தார்சஸின் ஆன்டிபேட்டர். சிசெரோ ஆன்டிபேட்டர் பக்கம் நின்றார். அக்குவினாஸ் இதில் தளர்வானவர்: சொல்லாமலிருப்பது அநீதி ஆகாது, சொல்வது உயர்ந்த பண்பு என்றே கருதினார். டிக்கெட் விஷயத்தில் சிசெரோவின் முடிவே சரி. ரோட்ஸ் மக்கள் சந்தைக்கு வரும்போது விலையையாவது அறிந்திருந்தார்கள். திரையின் முன் காத்திருந்தவர்களுக்கு அதுவும் மறைக்கப்பட்டது. விமான டிக்கெட்டின் விலை மாற்றத்தைப் பயணிகள் பொறுத்துக்கொள்வதன் காரணமும் இதுவே. முன்பதிவு செய்தால் பொதுவாக மலிவு என்ற வழக்கம் அனைவருக்கும் தெரியும். கச்சேரி டிக்கெட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நிற்கிறார்கள், முன்னதாக வருவது என்பதே அங்கு கிடையாது.

பிளாக்கில் விற்பவரின் தவறு வேறு வகை. இங்கே இஸ்லாமிய மரபு தரும் வேறுபாடு உதவுகிறது. மதீனாவில் விலைவாசி ஏறியபோது விலையை நிர்ணயிக்குமாறு மக்கள் கேட்டார்கள். விலையை ஏற்றுபவனும் இறக்குபவனும் இறைவனே என்று நபிகள் நாயகம் அதற்கு இணங்கவில்லை என்கின்றன நபிமொழிகள். அதே மரபு, விலை ஏறட்டும் என்று பதுக்கி வைப்பதைக் கண்டிக்கிறது. வணிகக் கூட்டம் சந்தையை அடையுமுன்பே வழிமறித்து வாங்குவதையும் தடுக்கிறது. தானாக வந்த தட்டுப்பாட்டில் விலை ஏறுவது ஒன்று, தட்டுப்பாட்டைக் கையால் உண்டாக்குவது இன்னொன்று. சந்தைக்கு வருமுன் வாங்கிக் குவிப்பதை இங்கிலாந்தின் பழைய சட்டமும் குற்றமாகவே வைத்திருந்தது. 1844இல்தான் அது நீக்கப்பட்டது. ஒருவர் போக முடியாமல் போன இரண்டு டிக்கெட்டுகளை வாசலில் விற்பதை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. விற்பனை திறந்த நொடியில் நூற்றுக்கணக்கான போலிக் கணக்குகளில் நுழைந்து டிக்கெட்டுகளை அள்ளும் ‘பாட்’ நிரல்கள் சரியாக இந்தக் கணக்கில் விழுகின்றன. அமெரிக்கா 2016இல் தனிச் சட்டத்தால் அவற்றைத் தடை செய்தது.

இலவசமாகக் கொடுக்கப்பட்டது விலைக்குப் போகும்போது தவறு இன்னும் வெளிச்சமாகிறது. போப் 16ஆம் பெனடிக்ட் 2008 ஏப்ரலில் நியூயார்க்கின் யாங்கி விளையாட்டரங்கில் நிகழ்த்திய திருப்பலிக்கு அனுமதிச் சீட்டுகள் பங்குகள் வழியாக இலவசமாக வழங்கப்பட்டன. சில, இணையத்தில் 200 டாலருக்கு மேல் விலை பேசப்பட்டன. திருச்சபை அதைக் கண்டித்தது. திருமலையில் இலவச தரிசனத்தோடு 300 ரூபாய் சிறப்பு நுழைவும் இருப்பதை இதற்கு எதிராகக் காட்டலாம். அது வேறு. அங்கே பணம் காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கிறது. கொடுக்காதவரும் அதே சந்நிதிக்குப் போய்ச் சேர்கிறார், இன்று இல்லாவிட்டால் நாளை. ஒரே நாளில் முடியும் திருப்பலியில் ஒருவர் வாங்கிய இடம் இன்னொருவர் இழந்த இடம். கச்சேரியும் அப்படியே. தெரிந்தே குறைத்து வைத்த விலையும் பாதிக் கொடைதான். அதைச் சரக்காக மாற்றுபவர் ரசிகரிடமிருந்து எடுப்பதோடு, கொடுத்தவரின் விருப்பத்தையும் அழித்துவிடுகிறார்.

கொடுப்பவரின் விருப்பத்தைக் காப்பதற்கு 2023இல் ‘தி க்யூர்’ குழு ஒரு வழி கண்டது. அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு 20 டாலரிலிருந்து டிக்கெட் வைத்து, டைனமிக் பிரைசிங்கை மறுத்து, டிக்கெட்டை வேறொருவருக்கு மாற்றித் தர முடியாதபடி செய்தது. வர இயலாதவர் வாங்கிய விலைக்கே திருப்பி விற்கலாம். நியூயார்க், இல்லினாய்ஸ், கொலராடோ மாநிலங்களில் இந்தக் கட்டுப்பாடு செல்லவில்லை. வாங்கிய டிக்கெட்டை விற்கும் உரிமையை அங்கே சட்டம் காக்கிறது. டிக்கெட் வாங்கியவரின் சொத்தா, கலைஞர் விடுத்த அழைப்பா என்ற கேள்வி இதன் அடியில் இருக்கிறது. திருமண அழைப்பிதழை ஏலம் விட எவருக்கும் உரிமை இல்லை என்பதைப் போல, அழைப்பு என்று கொள்வதே பொருத்தம். ஆனால் காசு கொடுத்து வாங்கிய அழைப்பு ஆதலால், வர முடியாதவருக்குப் பணம் முழுதாகத் திரும்பியாக வேண்டும்.

இந்தியாவில் இதற்கென மத்தியச் சட்டம் எதுவும் இல்லை. கோல்ட்பிளே குழுவின் 2025 மும்பை நிகழ்ச்சிகளுக்கு 2,500 ரூபாயிலிருந்து 35,000 ரூபாய் வரை விலை வைத்த டிக்கெட்டுகள் வெளியே லட்சக்கணக்கில் விலை பேசப்பட்டன. போலீஸ் விசாரணை நடந்தது. பொதுநல வழக்கைத் தள்ளுபடி செய்த பம்பாய் உயர் நீதிமன்றம், சட்டம் இயற்றுவது அரசின் வேலை என்றது.

அயர்லாந்து 2021இலேயே சட்டம் இயற்றிவிட்டது. குறிப்பிட்ட பெரிய அரங்குகளின் டிக்கெட்டை அச்சிட்ட விலைக்கு மேல் அங்கே மறுவிற்பனை செய்வது குற்றம். 2025 நவம்பரில் பிரிட்டனும் அதே வழியில் போவதாக அறிவித்தது. இந்தச் சட்டம் தரகரின் கையைக் கட்டுகிறது. முதலில் விற்பவரை அது தொடுவதே இல்லை. ஓயேசிஸ் குழுவின் டப்ளின் நிகழ்ச்சிகளுக்கு 86 யூரோவிலிருந்து டிக்கெட் கிடைக்கும் என்று அறிவிப்பு வந்தது. விற்பனை நாளன்று, மறுவிற்பனைத் தடை நடப்பில் இருந்த அந்த நாட்டிலேயே, நின்று பார்க்கும் இடத்துக்கு 400 யூரோவுக்கு மேல் கேட்டது அதிகாரபூர்வ விற்பனைத் தளம்தான்.