மாமனார் சொன்ன புத்தி

ஆசிரியப் பணி ஓர் அழைத்தல் என்று நாம் அடிக்கடி சொல்லுகிறோம். உண்மைதான். ஆனால் அந்த ஒரு சொல்லைச் சொல்லியே ஒருவரின் தலையில் எவ்வளவையும் ஏற்றிவிடலாமா? அன்பார்ந்த வாசகர்களே, இக்கேள்வியைச் சற்று உங்களோடு சிந்திக்க விரும்புகிறோம்.

எமது ஊர்களில் ஓர் ஆசிரியையின் வாரத்தை எண்ணிப் பாருங்கள். வரவு இடாப்பு, பாடக்குறிப்பு, புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பின்னேர வகுப்பு, விளையாட்டுப் போட்டி, தமிழ்மொழித் தினத்துக்கு நாடகம் பழக்குதல், வலயக் கல்விப் பணிமனை கேட்கும் படிவங்கள். ஞாயிறு வந்தால் மறைக்கல்வி வகுப்பும் பாடகர் குழாமும். பங்கில் எந்த வேலைக்கு ஆள் தேவைப்பட்டாலும், "ரீச்சரைக் கேளுங்கோ" என்பதே முதற் பதில். அவருக்கும் வீட்டிலே பிள்ளைகள் உண்டு என்பது கேட்பவருக்கு நினைவில் வருவதில்லை. "இயலாது" என்று சொன்னால் அது பாவமோ, அன்புக் குறைவோ என்று அவரே அஞ்சுகிறார்.

விடுதலைப்பயண நூலின் 18ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். மோசேயின் மாமனார் இத்திரோ, மோசேயின் மனைவியையும் இரு புதல்வரையும் அழைத்துக்கொண்டு பாலைவனத்துக்கு வருகிறார். மறுநாளே மோசே காலை தொடங்கி மாலைவரை மக்களின் வழக்குகளைக் கேட்க அமர்ந்துவிடுகிறார்! (பிரசங்கங்களில் இந்த மனைவி மக்கள் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறார்கள்.) இத்திரோ மருமகனின் தியாகத்தைப் புகழவில்லை. இது நல்லதல்ல என்று நேரே சொல்லுகிறார். களைத்துப்போவது மோசே மட்டுமல்ல, நாள் முழுவதும் நின்று காத்திருக்கும் மக்களுந்தான் என்கிறார். ஆயிரம், நூறு, ஐம்பது, பத்துப் பேருக்கென்று தலைவர்களை ஏற்படுத்தி, பெரிய வழக்குகளை மட்டும் மோசே கேட்கும்படி ஆலோசனை கூறுகிறார். மோசேயும் கேட்டு நடந்தார்.

காத்திருக்கும் மக்களைப் பற்றிய அந்தப் பேச்சே எமக்கு முக்கியம். எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்ட ஆசிரியையின் வகுப்பில், எழுத்துக் கூட்டத் தெரியாமல் பின்வாங்கில் விழித்துக்கொண்டிருக்கும் பிள்ளையும் காத்துத்தான் நிற்கிறது. ஆகவே ஒரு வேலையை மறுப்பது சில வேளைகளில் அப்பிள்ளைக்குச் செய்யும் கடமையே. நான் இல்லாவிட்டால் ஒன்றும் நடவாது என்ற எண்ணமும் எப்போதும் அன்பிலிருந்து பிறப்பதில்லை. அதிலே சிறிது பெருமையும் ஒளிந்திருக்கக் கூடும்.

ஆண்டவர் இளைப்பாறினாரா என்று நீங்கள் கேட்கலாம். மாற்கு 6ஆம் அதிகாரத்தில், உண்ணவும் நேரமற்றிருந்த சீடரை ஓய்வெடுக்கத் தனியிடத்துக்கு அழைத்துப் போகிறார். மக்கள் அங்கும் வந்துவிட, மனமிரங்கிப் போதிக்கிறார், அப்பமும் கொடுக்கிறார். ஓய்வு கலைந்தது மெய்யே. ஆனால் அதன்பின் கூட்டத்தை அவரே அனுப்பிவிட்டு, செபிக்க மலைக்கு ஏறினார். மக்களின் தேவைகள் அன்றோடு தீர்ந்துவிட்டனவா? இல்லை. ஆயினும் அனுப்பினார்.

நிற்க. பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான கல்வியாளர் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில் தெளிவாகக் கூறியுள்ளது. இரவில் பிள்ளையின் கொப்பியைப் பார்ப்பதற்கும், ஒளிவிழா நாடகத்துக்கு உடுப்புத் தைப்பதற்கும், சிறியோருக்குச் செபங்களைச் சொல்லிக்கொடுப்பதற்கும் ஆசிரியப் பயிற்சி வேண்டியதில்லை. அடுத்த பங்குச் சபைக் கூட்டத்தில் வேலைகள் பங்கிடப்படும்போது, யாராவது ரீச்சரின் பெயரைச் சொல்லுமுன் உங்கள் பெயரைச் சொல்லுங்கள்.