மலிவெல்லாம் எளிமையாகுமா?

இல்லறத்தாரின் அறத்தை ஜினாலயத்தில் மட்டுமன்று, அவர்தம் அடுக்களையிலும் காணலாம் என்று எம் அன்னையார் கூறுவதுண்டு. நீர் வடிகட்டப்படுவதும், தானியம் புடைக்கப்பட்டுச் சிற்றுயிர்கள் ஊறின்றி அகற்றப்படுவதும், கதிரவன் மறையுமுன் அடுப்பு அணைக்கப்படுவதும் அங்கேதான். ஆகவே அடுக்களையைப் புதுப்பித்தல் வெறும் மரவேலை பற்றிய செய்தியாகாது. அறம் பற்றிய வினா ஒன்றும் அதனுள் அடங்கியுள்ளது. அவ்வினா எம்மைச் சில திங்கள் அலைக்கழித்தது. அதனையே ஈண்டு அன்பர்கள் முன் வைக்க விழைகின்றோம்.

எம் இல்லம் கட்டப்பட்டு நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. சமையல் மேடையின் கீழ் திறந்த வெளி, சுவரில் இரண்டு மரப்பலகைகள், மேலே ஒரு பரண். இவ்வளவே எம் அடுக்களை. மேடையின் காரை பெயர்ந்து, பாத்திரம் கழுவும் தொட்டியின் குழாயும் கசியத் தொடங்கியபோது, மகனும் மருமகளும் அதனைப் புதுப்பிக்க எண்ணினர். நகரத்துக் கடையொன்றில் விற்கும் ‘மாடுலர்’ அலமாரிகளின் படங்களை மருமகள் கொணர்ந்து காட்டினார். பலகை பலகையாகப் பிரித்து அட்டைப் பெட்டிகளில் அடைத்து அனுப்புவர்; வீட்டிற்கு வந்தபின் திருகாணிகளால் பூட்டிக்கொள்ள வேண்டும். தச்சரை அமர்த்தித் தேக்கில் செய்வதினும் விலை மிகக் குறைவு. கடைக்காரர் தந்த கணக்கில் 14 பெட்டிகள், 1,20,000 ரூபாய்.

“நமக்கு எதற்கம்மா இந்த ஆடம்பரம்? மிகுபொருள் வரைதல் என்று நாள்தோறும் சொல்லிவிட்டுப் பாத்திரங்களுக்கு மாளிகை கட்டுவதா?” என்று யாம் மறுத்தோம். வகுப்பறையில் 34 ஆண்டுகள் தீர்ப்பு வழங்கிப் பழகிய நா அல்லவா! மருமகள் வாதிடவில்லை. “அத்தை, ஒரே ஒரு நாள் நீங்கள் சமைத்துப் பாருங்கள்” என்று மட்டும் கூறினார்.

மறுநாள் யாமே அடுக்களையில் நின்றோம். அரிசிக்கு ஒருமுறை, பருப்புக்கு ஒருமுறை, குக்கருக்கு ஒருமுறை என முற்பகலுக்குள் 31 முறை குனிந்து நிமிர்ந்தோம். பரணில் இருந்த பெரிய அடுக்கை எடுக்க முக்காலியின்மேல் ஏறினோம். எழுபதைக் கடந்த முதுகு அன்று மாலை உண்மையை உரைத்தது. இவ்வேலையை 22 ஆண்டுகளாக நாள்தோறும் செய்து வந்தவர் யார்? எளிமை என்று எண்ணி யாம் பெருமிதம் கொண்டிருந்தது பிறரொருவரின் இடுப்புவலியின்மேல் அன்றோ நின்றிருந்தது! தம் உடலால் தாங்கும் எளிமை நோன்பு; பிறர் உடலால் தாங்கப்படும் எளிமை நோன்பன்று, ஏவல். அன்றிரவு மருமகளிடம் எம் பிழையை ஒப்புக்கொண்டோம்.

பின்னர் இவ்வலமாரிகளின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். இவை ஆடம்பரத்திற்காகப் பிறந்தவை அல்ல. 1926-ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரில் உழைக்கும் மக்களுக்காகக் கட்டப்பட்ட குடியிருப்புகளுக்கென, மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்னும் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் ஓர் அடுக்களையை வகுத்தார். 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் கொண்ட சிறிய அறை அது. சமைப்பவர் வீணே நடக்கும் அடிகளைக் குறைப்பதே அதன் நோக்கம். ஏறத்தாழ 10,000 இல்லங்களில் அவ்வமைப்பு இடம்பெற்றது. பிரித்து அனுப்பும் முறை பரவியதற்கும் ஒரு கதை உண்டு. 1956-இல் சுவீடன் நாட்டு ஐக்கியா நிறுவனத்தின் ஊழியர் கில்லிஸ் லுண்ட்கிரென், மேசையொன்றைக் காரில் ஏற்ற இடமின்றி அதன் கால்களைக் கழற்றினார் என்பர். பூட்டிய அலமாரியை வண்டியில் ஏற்றினால் பெரும்பகுதி காற்றையே ஏற்றிச் செல்கின்றோம். பிரித்து அடுக்கினால் ஒரே வண்டியில் பன்மடங்கு செல்லும். பூட்டும் உழைப்பும் வாங்குவோருடையதாகிவிடுகின்றது. ஆகவே இம்மலிவில் ஒரு பகுதி நேர்மையான மலிவே ஆகும். அதனை இகழ வேண்டியதில்லை.

மற்றொரு பகுதியோ பலகையில் இருக்கின்றது. அங்கேதான் நாம் கருத்தூன்ற வேண்டும். விலை குறைந்த பெட்டிகள் பெரும்பாலும் ‘பார்ட்டிக்கிள் போர்டு’ என்னும் பலகையால் ஆனவை. மரச்சீவல்களையும் தூளையும் பசையிட்டு அழுத்திச் செய்யப்படுவது அது. மேற்புறத்தை வழவழப்பான தகடு காக்கின்றது. ஆனால் அறுத்த விளிம்பிலும் துளையிலும் நீர் புகுந்தால் பலகை ஊதிவிடும். ஊதியது மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பாது. திருகாணியைக் கழற்றி அதே துளையில் மீண்டும் முடுக்கினால் பிடிப்பும் தளரும். அதன் பசையில் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு என்னும் வேதிப்பொருள் சேர்கின்றது. அது புதுப்பலகையிலிருந்து சிறிது சிறிதாகக் காற்றில் கலக்கும். வெப்பமும் ஈரமும் மிகுந்தால் அதுவும் மிகும். அப்பொருள் மாந்தர்க்குப் புற்றுநோய் விளைவிக்க வல்லது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ஆம் ஆண்டு வகைப்படுத்தியது. வெளியீடு குறைந்த பலகைகளுக்கு ‘இ-1’ என்ற தரக்குறி உண்டு. அதனைக் கேட்டு வாங்குதல் நன்று.

நம்மைப் போன்ற சிராவகர் குடும்பங்களுக்கு இதனினும் பெரிய கவலை ஒன்று உளது. தொட்டியின் கீழ் ஈரம் பட்டு ஊதிய பலகை விரிசல் விடும். இருளும் ஈரமும் இடுக்கும் கூடிய இடம் கரப்பான் பூச்சிகளின் இருப்பிடமாகும். பிறகு என்ன செய்வோம்? கடைக்குச் சென்று நஞ்சு வாங்குவோம். ஓர் எறும்பை மிதிக்க அஞ்சும் நாம், பல நூறு உயிர்களை ஒரே இரவில் மாய்த்துவிட்டு, “வேறு வழியில்லை” என்போம். உயிர்வதையை நான்காகப் பகுத்த நம் முன்னோர், இல்லறத் தொழில்களில் தவிர்க்க இயலாது நேர்வதை ஆரம்ப இம்சை என வேறாக வைத்தனர். ஆனால் தவிர்க்க இயன்றதை அவ்வகையில் சேர்த்து ஆறுதல் கொள்ளலாமோ? உயிர்வதையின் வேர் கவனமின்மையே எனத் தத்துவார்த்த சூத்திரம் கொள்கின்றது. எனின், அந்த நஞ்சுக்கான வினை நஞ்சு வாங்கிய நாளில் தொடங்கவில்லை. நீர் படும் இடமென அறிந்தும் நீர் தாங்காத பலகையை வாங்கிய நாளிலேயே தொடங்கிவிட்டது.

“அப்படியாயின் உயர்ந்த பலகையையே வாங்கிவிடலாம்” என்றான் மகன். ஐ.எஸ். 710 என்னும் தர எண் பெற்ற ‘மரைன் பிளைவுட்’ பலகையின் பசை, 72 மணி நேரம் கொதிநீரில் இட்டாலும் பிடிப்பு விடாதிருக்க வேண்டும். அப்பலகையில் அதே 14 பெட்டிகளுக்கு 2,40,000 ரூபாய் ஆகும் என்றனர். கணக்கு ஆசிரியையாக இருந்தவர் சும்மா இருப்போமா? மலிவானது ஆறு ஆண்டும், உயர்ந்தது பதினைந்து ஆண்டும் நிற்பதாக வைத்துக்கொண்டால், முன்னதற்கு ஆண்டுக்கு 20,000 ரூபாய், பின்னதற்கு 16,000 ரூபாய். விலை மிகுந்ததே மலிவு என்று கணக்கு முடிந்தது.

கணக்கு சரியே, வினாதான் தவறு. எந்தப் பலகை என்று கேட்டோமேயன்றி, எத்தனை பெட்டி என்று எவரும் கேட்கவில்லை. 14 என்பது கடைக்காரர் எம் சுவர்களை அளந்து கூறிய எண். எம் தேவையை அளந்து கூறியதன்று. எனவே பொருள்களை எண்ணிப் பார்ப்பதென முடிவு செய்து, பரணைக் காலி செய்தோம்.

அந்நாளை மறக்க இயலாது. எவர்சில்வர் குவளைகள் 63. தூக்குகள் 11. இட்லிப் பானைகள் 4. சீர்வரிசையாக வந்து கட்டுக்கூடப் பிரிக்கப்படாத தட்டுகள் இரு டஜன். இவற்றில் பெரும்பகுதி மருமகளுடையது அன்று, எம்முடையது. அலமாரி வேண்டாம் என்று மறுத்த யாமே பொருள் குவித்தவராயிருந்தோம்! கண்ணில் படாததால் இல்லை என்றிருந்தோம். மிகுபொருள் என்பது பெட்டியிலும் இல்லை, பரணிலும் இல்லை. ‘எனது’ என்று பற்றும் மயக்கத்திலேயே உள்ளது என்று நம் ஆசாரியர்கள் கூறியதைப் பலமுறை மேடையில் விளக்கியிருக்கின்றோம். அன்றுதான் தரையில் அமர்ந்து அதனைக் கற்றோம்.

ஆண்டில் ஒருமுறையேனும் பயன்படுவதை மட்டும் வைத்துக்கொண்டோம். எஞ்சியவற்றில் நல்லன எம் பிறந்த ஊர் ஜினாலயத்தின் விழாச் சமையலுக்கும், புதுக்குடித்தனம் தொடங்கிய இரு குடும்பங்களுக்கும் சென்றன. அதன்பின் 14 என்பது 8 ஆகச் சுருங்கியது. எட்டையும் எவ்வாறு அமைப்பது என்பதை மருமகளே வகுத்தார். நீர் படும் கீழ்ப்பகுதியில் பலகையே வேண்டாம். கடப்பைக் கல் பலகைகளைச் செங்கல் சுவரில் பதித்து மூன்று அறைகள். ஈரத்தில் ஊதாது, கறையான் அரிக்காது, விலையும் குறைவு; புளியும் எலுமிச்சையும் சிந்தினால் உடனே துடைக்க வேண்டும் என்பது ஒன்றே அதன் குறை. தொட்டியின் கீழ் கதவே இல்லை. காற்றும் ஒளியும் புகட்டும், கசிவு நேர்ந்தால் அன்றே கண்ணில் படட்டும் என்று விட்டோம். மற்ற அறைகளின் கதவுகளை உள்ளூர்த் தச்சரே செய்தார். உலர்ந்த மேற்சுவரில் மட்டும், கடையில் வந்த அந்த மலிவுப் பெட்டிகள் ஐந்து. நான்கு விளிம்பும் மூடப்பட்டவையா என்று ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தே பூட்டச் செய்தோம். மேடையின் உயரத்தை மருமகளின் முழங்கையினின்று ஐந்து அங்குலம் தாழ வைத்தோம். மொத்தச் செலவு 96,000 ரூபாய்.

ஆக, மலிவு எளிமையாகுமா? மலிவு என்பது கடைக்காரர் நமக்குக் கூறும் எண். எளிமை என்பது நாம் நமக்கே இட்டுக்கொள்ளும் வரம்பு. வரம்பின்றி வாங்கிய மலிவு ஆடம்பரத்தின் மாற்றுடையே ஆகும். வரம்பிட்டபின் மலிவானதை வாங்குதலில் இழிவில்லை. அதனை உரிய இடத்தில் வைத்தால் அதுவும் நெடுநாள் உழைக்கும். விலைச்சீட்டில் எழுதப்படாத விலைகளும் உள. எவருடைய முதுகு அவ்விலையைத் தருகின்றது, எவ்வுயிர் தருகின்றது என்று கேட்டபின்பே பணத்தை எண்ண வேண்டும். அடுக்களையைப் புதுப்பிக்க எண்ணும் அன்பர்கள், கடைக்காரரை அழைத்துச் சுவரை அளக்குமுன் பரணில் ஏறிப் பொருள்களை எண்ணுவாராக. அங்கு நாள்தோறும் நிற்பவர் எவரோ அவரை முதலில் கேட்பாராக.

இறுதியாக ஓர் உண்மையை மறைக்க விரும்பவில்லை. எம் அன்னையார் தந்த பித்தளைச் செம்பு ஒன்று உளது. அடியில் ஓட்டை, நீர் நில்லாது, பயன் எதுவுமில்லை. வழங்குவதற்கென வைத்த குவியலில் அதனையும் வைத்தோம். மாலையில் யாமே திரும்ப எடுத்துக்கொண்டோம். மருமகள் கண்டும் காணாதவர்போல் இருந்தார். மறுநாள் ஐந்தாம் பெட்டியின் மூலையில், அச்செம்பின் அளவுக்குச் சரியாக ஓர் இடம் விடப்பட்டிருந்தது. நாள்தோறும் அப்பெட்டியைத் திறக்கையில், யாம் இன்னும் விட வேண்டிய பற்று எத்துணை என்பதை அச்செம்பு நினைவூட்டுகின்றது.

அறம் வளர்க! அனைத்துயிரும் இனிது வாழ்க!