திணையும் பாலும்

தமிழின் சொற்பாகுபாட்டில் திணையே முதலாவது. பால் அதன் உட்பிரிவு. ஒருவரை ஆண் என்றோ பெண் என்றோ சுட்டுமுன் அவரை உயர்திணை எனக் கொள்ளுதல் வேண்டும். இம்முறைவைப்பு இலக்கண வசதி மட்டுமன்று. மனிதம் முந்தியது, பால் பிந்தியது என்னும் நோக்கும் அதனுள் அடங்கியுள்ளது எனலாம்.

ஆண்மை நீங்கிப் பெண்மையை மேற்கொண்டோரைத் தொல்காப்பியர் உயர்திணையுள்ளேயே வைத்தார். அவர்க்கெனத் தனி ஈறு இல்லை என்ற அவர், ஆண்பாற் சொல் அவர்க்கு ஆகாது எனவும் விதித்தார். பவணந்தியாரின் நன்னூல் இன்னும் ஒருபடி செல்கின்றது. பெண்மையை அவாவுவோர் பெண்பால். ஆண்மையை அவாவுவோர் ஆண்பால். பிறப்பன்று, அவாவுதலே ஈண்டு அளவுகோலாகின்றது. ஆயினும் அதே நூற்பா, இவ்விரு சாராரும் அஃறிணை போலவும் ஆவர் என முடிகின்றது. பாலை வழங்கிய கையே திணையைப் பறிக்கின்றது.

இம்முரண் ஏட்டோடு நின்றுவிடவில்லை. தமிழ்நாட்டின் கூவாகத்தில் ஆண்டுதோறும் சித்திரையில் திருநங்கையர் அரவானின் மனைவியராய்த் தாலி அணிகின்றனர். மறுநாள் அரவான் பலியானதும் தாலியறுத்துக் கைம்மைக் கோலம் பூணுகின்றனர். அன்று அவரை வணங்கும் சமூகம், அவர் வாடகைக்கு வீடு கேட்கும்போதும் தொழில் தேடும்போதும் கதவடைக்கின்றது. எனவே கொண்டாட்டம் பயனற்றது என்பதன்று. தம்மைப் போன்றோர் பலர் உளர் என்பதை அறிதலே தனித்து வாழ்வோர்க்குப் பெருந்துணை. ஆயின் புராணம் இடமளித்த அளவிலேயே அக்கொண்டாட்டமும் இடமளிக்கின்றது. திருநம்பியர்க்கு அங்கே கதை இல்லை. தெய்வத்தின் பெயரால் தரப்படும் மதிப்பு, மனிதர் என்ற வகையில் தரவேண்டிய மதிப்புக்கு ஈடாகாது.

இவ்விடத்துச் சட்டம் குறுக்கிடுகின்றது. தமிழ்நாடு 2008இல் திருநங்கையர் நலவாரியம் அமைத்தது. 2014 ஏப்பிரல் 15ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம், தம் பாலினத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை ஏற்றது. இலங்கையில் 2016இல் வெளியான சுற்றறிக்கைகள், உளமருத்துவ நிபுணரின் மதிப்பீட்டின்பின் பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெற்றுப் பிறப்புச் சான்றிதழைத் திருத்த வழிவகுத்தன. முன்னது ஒருவரின் சொல்லை ஏற்கின்றது. பின்னது பிறரின் சான்றை வேண்டுகின்றது.

ஒருவரின் சொல் ஒன்றையே அரசு நம்பலாமா என வினவுவோர் உளர். வினா நியாயமானதே. ஆயின் ஒருவரின் சமயம் யாது, தாய்மொழி யாது என்பவற்றில் அவர் சொல்லையே நாம் ஏற்கின்றோம். தான் ஆண் அல்லது பெண் என்பதை நிறுவுமாறு ஏனையோரை எவரும் கேட்பதில்லை. ஒரு சாராரிடம் மட்டும் கேட்கப்படும் சான்று, ஐயத்தைத் தீர்ப்பதற்கன்று. ஐயத்தை நிலைநிறுத்துவதற்கே பயன்படும்.

பாலைப் பற்றிய ஆராய்ச்சி தொடரலாம், அறிஞர் மாறுபடலாம். திணை அவ்வாறு ஆராய்ந்து வழங்கப்படும் பொருளன்று. ஒருவரின் பால் யாதென்று வினவுபவர், அவரை மனிதரென ஏற்றுக்கொண்ட பின்னரே அவ்வினாவை எழுப்ப உரிமையுடையவராகின்றார்.