கேட்ட கதையும் கேளாச் செவியும்

கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டைகூடல் என ஞானத்தின் படிகளை நான்காக வகுத்தோதுவர் நம் சமயநூலோர். இவற்றுள் முதற்படியாகிய கேட்டல் யாவர்க்கும் எளிதென்றே பெரும்பாலார் எண்ணியிருக்கின்றனர். சிந்தித்தற்குக் கூர்மதி வேண்டும். தெளிதற்கு நெடுநாட் பயிற்சி வேண்டும். கேட்டற்கோ செவியொன்றிருந்தால் அமையும் என்பது அவர் கருத்து. இக்கருத்துப் பிழையுடைத்து. செவி பழுதின்றியிருப்பவும், அறிவு குறைவின்றியிருப்பவும், கேட்டல் ஒன்றே அரிதாய் நிற்கும் மக்களும் உளர். அவருள்ளும் பலர்க்கு, முன்னரே கேட்டதொன்றை மீளக் கேட்டல் உடம்பினாற் படும் துன்பத்தோடொப்பதாய் முடிகின்றது. பாட்டியார் தம் பழங்கதையைப் பத்தாம் முறை தொடங்குங்கால் எழுந்தோடும் பேரனை நாம் யாது கூறுவது? மதிப்பில்லாதவன் என்றா, அன்பில்லாதவன் என்றா?

இவ்வினா ஓரில்லத்துச் சிறு பூசலென்று தள்ளற்பாலதன்று. நம் சமயவொழுக்கம் முழுதும் மீளக் கூறலும் மீளக் கேட்டலுமாகவே நடைபெறுவது. திருவைந்தெழுத்தைக் கணித்தலும், திருமுறை ஓதலும், ஆண்டுதோறும் அதே புராணத்தை அதே முறையிற் கேட்டலும் நமக்கு நாள்வினை. மீளக் கேட்க மாட்டாதான் ஒருவன் இவற்றிற்குப் புறம்பாவானோ என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

இந்நிலையை இக்கால மருத்துவர் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு என்பர், ஏ.டி.எச்.டி. எனச் சுருக்கியும் வழங்குவர். 1902-ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஃபிரடெரிக் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர், லண்டன் அரச மருத்துவர் கல்லூரியில் நிகழ்த்திய மூன்று சொற்பொழிவுகளில், அறிவு குன்றாதிருந்தும் தம்மை அடக்கியாள மாட்டாத குழந்தைகளைப் பற்றி விரித்துரைத்தார். அக்குறைக்கு அவரிட்ட பெயர் 'ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை' என்னும் பொருள்படுவது. வளர்ப்பின் பிழையென்று மட்டும் அதனைக் கொள்ளலாகாதென அவர் கருதினாராயினும், ஒழுக்கமென்னுஞ் சொல் அப்பெயரில் ஒட்டிக்கொண்டது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தார் 1980-ஆம் ஆண்டில் அதனைக் கவனக்குறை என்றே பெயரிட்டனர். இன்று வழங்கும் பெயர் 1987-இல் வந்தது. குழந்தைகளுள் நூற்றுக்கு 5 பேர்க்கும், வளர்ந்தோருள் நூற்றுக்கு 2 அல்லது 3 பேர்க்கும் இஃதுண்டென்பது மருத்துவர் பொதுவாகக் கொள்ளுங் கணக்கு. நேரே நின்று பேசுங்காலும் கேளாதார்போற் காணப்படுதல், வினா முடியுமுன்னர் விடை கூறிவிடுதல் ஆகிய இரண்டும் அவர் தொகுத்த குறிகளுள் அடங்கும். பெயரினின்று ஒழுக்கம் நீங்கிற்று. ஊரார் வாயினின்று இன்னும் நீங்கவில்லை.

இவ்வினாவை வெறும் நூலாராய்ச்சியாய் விடாது ஓரிடத்தில் வைத்துப் பார்ப்போம். திருவள்ளூர் மாவட்டத்தின் வடபால், சென்னையினின்று கல்கத்தாவிற்குச் செல்லும் இருப்புப்பாதையிற் கும்மிடிப்பூண்டி உளது. ஆண்டுள்ள சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்புருக்காலைகளும் பிற ஆலைகளும் இரவும் பகலும் இயங்குகின்றன. அவ்வூரிலேயே ஈழத்தினின்று கடல்கடந்து வந்த தமிழர் வாழும் முகாமொன்றும் உளது. தமிழகத்துள்ள அத்தகைய முகாம்களுட் பெரியவற்றுள் அஃதொன்று. அகதிகள் முகாம் என்று வழங்கிவந்த இவற்றிற்கு 2021-ஆம் ஆண்டில் தமிழக அரசு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் எனப் பெயர் மாற்றிற்று. 1983-ஆம் ஆண்டிற்குப் பின்னர் ஊரையும் உறவையும் இழந்து வந்தோர்க்கு எஞ்சியதோ கதை. வீட்டின் முற்றமும், கிணறும், கோயிற்கொடியேற்றமும், தோணியேறிய இரவும் அக்கதைகளில் மட்டுமே இருக்கின்றன. அவர் அவற்றைக் கூறுங்கால் பொழுதுபோக்கிற்காகக் கூறுகின்றாரல்லர்; வைத்த பொருள் வைத்தவிடத்தில் இருக்கின்றதா என்று அடிக்கடி திறந்து பார்ப்பவரை ஒப்பர்.

அத்தகைய முகாமொன்றில் ஒரு மூதாட்டியாரையும், ஆலையில் வேலைசெய்யும் அவர்தம் மகள்வயிற்றுப் பேரனையும் எண்ணிக்கொள்வோம். பேரனுக்கு மேற்கூறிய கோளாறு உண்டு. ஆயின் அதனை ஒருவரும் அறிந்திலர். இரவில் இருவரும் இருக்கக் கதை தொடங்குகின்றது. முதலிரண்டு சொல்லிலேயே முடிவு அவனுக்கு விளங்கிவிடுகின்றது. விளங்கியவுடன் அவன் மனம் பற்றுக்கோடின்றி வழுக்குகின்றது. மின்விசிறியின் கடகடப்பும், அடுத்த வீட்டுப் பாத்திரவொலியும், நாளை எந்த முறை வேலையென்னும் எண்ணமும் பாட்டியார் குரலோடு ஒத்த வலிமையுடையனவாய் வந்து மோதுகின்றன. குரலை மட்டும் பிரித்தெடுத்து மற்றவற்றைத் தள்ளும் தொழில் ஏனையோர்க்குத் தானே நிகழ்வது. அவனுக்கோ ஒவ்வொரு நொடியும் முயன்று செய்யவேண்டியதாகின்றது. மூச்சையடக்கி நீருள் இருப்பான்போல அவன் சிறிது பொழுது இருக்கின்றான். கால் தானே ஆடுகின்றது. பின்னர், "அம்மம்மா, இதை நீங்கள் முந்தியே சொன்னனீங்கள், தோணி கவிழப் பார்த்தது, அதுதானே?" என்று முடிவை அவனே சொல்லி எழுந்துவிடுகின்றான். மூதாட்டியார் வாய்மூடி இருந்துவிடுகின்றார். வெளியே சென்று நிற்கும் பேரனுக்கு உள்ளம் நாணத்தாற் குன்றுகின்றது. அந்நாணத்தை யாரும் கண்டிலர்.

இதனுள் வியக்கத்தக்கதொன்று உண்டு. கதையின் முடிவையறிந்த அவனுக்கு நடுப்பகுதி தெரியாது. முதன்முறை கேட்டபோதும் அவன் மனம் பாதியிற் போய்வந்ததேயாம். கேட்டோமென்னும் நினைவு உண்டு. கேட்ட பொருள் இல்லை. அலுத்துப்போன கதையை அவன் உண்மையில் ஒருமுறையும் முழுதுங் கேட்டவனல்லன்.

இனி, சித்தாந்தம் இதற்கு யாது கூறுமென்று பார்ப்போம். உயிர் தானே நேராக ஒன்றனை அறிவதன்று. கருவிகளோடு கூடியே அறியும். சிவஞானபோதம் நான்காஞ் சூத்திரத்தில் அந்தக்கரணங்கள் உயிரல்ல என்றும், உயிர் அவற்றோடு கூடி அமைச்சரோடு கூடிய அரசன்போல் நிற்குமென்றும் மெய்கண்ட தேவர் நிறுவுகின்றார். ஐயுறும் மனமும், துணியும் புத்தியும், எழுச்சி செய்யும் அகங்காரமும், சிந்திக்கும் சித்தமும் தத்தம் தொழிலைச் செய்தாலன்றி எதிர்நின்ற பொருளும் தோன்றாது. அன்றியும், கண்விழித்திருக்கும் நனவிற்றானே கனவும் உறக்கமும் முதலாய ஐந்து அவத்தைகளும் நிகழுமென்று கூறி, அதனை மத்தியாலவத்தை என்று நம் ஆசிரியர் வகுத்தனர். விழித்த கண் விழித்தபடி இருப்பக் கருவிகள் கழன்றுபோதலும், மீளவும் ஒவ்வொன்றாய் வந்து கூடுதலும் எல்லார்க்கும் உள்ளனவே. பேரனிடத்தில் அவை அடிக்கடியும் அவன் விழையாதபோதும் நிகழ்கின்றன. வேறுபாடு அளவினதேயன்றி வகையினதன்று.

இச்சையை எழுப்பிப் பொருளின்மேற் செலுத்துவது அராகமென்னுந் தத்துவம். புதியதன்கட் பாய்ந்தும் பழகியதன்கண் எழாமலும் இருக்கும் மனத்தைப் பற்றி மருத்துவர் கூறுவனவற்றைக் கேட்குங்கால் அத்தத்துவம் நினைவிற்கு வாராமற் போகாது. ஆயினும் இவ்வொப்புமையை நெடுந்தூரம் இழுத்துச்செல்லுதல் தகாது. மூளையினுள் ஓடும் டோபமினை நம் முன்னோர் அராகமென்னும் பெயரால் அன்றே அறிந்திருந்தனர் என்று மேடையில் முழங்குவார் சிலருளர். அஃது இரு நூலையும் கல்லாதார் கூற்றென விடுக்க.

"ஆணவம் பிடித்தவன், பெரியோர் பேச்சைக் கேளான்" என்று உலகவழக்கிற் கூறுவதுண்டு. செருக்கென்னும் பொருளில் அச்சொல்லை ஆளுகின்றனர். சித்தாந்தத்தில் ஆணவமாவது அறிவை மறைக்கும் இருள். அது பேரனுக்கு மட்டும் உரியதன்று, பாட்டியார்க்கும், இதனை எழுதும் எமக்கும், படிப்பார்க்கும் ஒருங்கே உரியது. எல்லார்க்கும் பொதுவாகிய மலத்தைக் காட்டி ஒருவனைமட்டும் குற்றவாளியாக்குதல் வழக்காகாது. அவனிடத்துச் சிறப்பாக உள்ளது கருவியின் குறை.

அற்றேல், கருவிக்குறையும் பிராரத்தமாகிய வினைப்பயனன்றோ, வினைப்பயனாயின் அவன் குற்றமேயன்றோ எனின், அன்று. தனு, கரணம் முதலியன வினைக்கீடாக வருவன என்பது உண்மை. ஆயின் வந்ததை நுகர்தல் வேறு, இப்போது செய்யும் ஆகாமியம் வேறு. குருடனைப் பார்த்து, நீ காணாமை இன்று செய்யும் பாவமென்று கூறுவாரிலர். மேலும் பிறர் முன்வினையை எண்ணிப்பார்க்கும் உரிமை நமக்கில்லை, அக்கணக்கு இறைவனிடத்தது.

மற்றொரு சாரார் இதற்கு மறுதலையாய்ச் செல்வர். கருவியே குறையுடையதாயின் அவன்மேற் கடமை யாதுமில்லை, எழுந்து போவதே அவனுக்கு இயல்பு என்பர். இதுவும் பொருந்தாது. உயிர் கருவியின் வேறென்று கொண்டபின்னர்க் கருவியின் செயலே உயிரின் செயலென்று எங்ஙனம் கூறுவது? அமைச்சன் உறங்கினால் அரசன்மேற் பழியில்லை. உறங்கும் அமைச்சனென்று அறிந்த பின்னரும் வேறேற்பாடு செய்யாதிருப்பின் பழி அரசனதே. ஆதலின் பேரன் முதற்கண் செய்யத்தக்கது தன் கருவியை அறிதல். மருத்துவரை அடுத்தல் அதன் ஒரு பகுதி. மருந்தினாற் பெறும் கவனம் உண்மைக் கவனமாகுமோ என்று ஐயுறும் அன்பர்க்கு யாம் கூறுவது இதுவே: மூக்குக்கண்ணாடியாற் படித்த திருவாசகமும் திருவாசகமே.

கேளாது கேட்டதுபோல் நடித்தலைச் சிலர் நற்பண்பெனக் கொள்வர். ஈழத்தார் உடன்பாட்டிற்கு 'ஓம்' என்பர். மூதாட்டியார் ஒவ்வொரு வாக்கியமுங் கூற, பேரன் வேறெங்கோ நினைந்து 'ஓம், ஓம்' என்றிருத்தல் எளிது. பிரணவத்தை இதற்கு ஆளுதல் வேண்டா என்பது ஒருபுறமிருக்க, அந்நடிப்புக் கதை கூறுவாரை உயிரில்லாத சுவரோடு பேசவிடுவதாம். அதனினும், "அம்மம்மா, என் மனம் போய்விட்டது, கிணற்றடியிலிருந்து திரும்பச் சொல்லுங்கோ" என்று கேட்டல் மேலானது. மெய்யும் அன்பும் அங்கே ஒன்றுபடுகின்றன. போன மனத்தை ஒளியாது கூறுவானை வெகுளும் பெரியோர் அரியர்.

கூறுவார்க்கும் கடமையுண்டு; இதனை நம்மவர் பேசுவதேயில்லை. யாழ்ப்பாணத்துக் கோயில்களிற் புராணபடனம் என்றொரு நல்வழக்கு நெடுங்காலமாக உண்டு. கந்தபுராணத்தை ஒருவர் இசையோடு வாசிப்பார். மற்றொருவர் பயன் சொல்லுவார். செய்யுள் ஆண்டுதோறும் அதுவே. பயன் சொல்லுவாரோ அவையை நோக்கிக் கூறுவார். முன்னிருப்பார் முகத்தில் அயர்வு கண்டவிடத்து ஓரிடத்தைச் சுருக்கி மற்றோரிடத்தைப் பெருக்குவதும், வினாவெழுப்புவதும் வல்லார் செயல். அவ்வூர்ச் சைவர் தலைமுறை தலைமுறையாக ஒரே கதையைக் கேட்டும் அலுப்படையாமைக்கு இவ்விரண்டாமவர் ஒரு பெருங்காரணர். வீட்டில் கதை கூறும் மூதாட்டியார்க்கு வாசிப்பாரும் பயன் சொல்லுவாரும் தாமேயாகவேண்டியிருக்கின்றது. பேரன் ஒரு வினாவினால் அவர்க்குப் பயன் சொல்லுவாராகலாம். தோணியில் எத்தனை பேர் இருந்தனர்? கையில் எடுத்துவந்த பொருள் யாது? வினவுங்காற் பழங்கதையிற் புதிய வாயிலொன்று திறக்கின்றது. அவன் மனம் அவ்வாயிலில் நுழையும்.

இன்னுமொன்று. இக்கோளாறு பெரும்பாலும் குடிவழி வருவதென்பர் மருத்துவர். இஃதுடையார் பிறர் கதையைக் கேட்க மாட்டாமையேயன்றி, யாரிடம் யாது கூறினோமென்பதை மறந்து தம் கதையை மீள மீளக் கூறுவதும் உண்டு. எனவே, மீளக் கூறும் பாட்டியாரும் கேட்க மாட்டாத பேரனும் ஒரே கொடியின் இரு காய்களாதலும் கூடும். முதியோர் ஒருவர் முன்னில்லாதவாறு திடீரென்று அதே நாளில் அதே கதையை மீட்டு மீட்டுக் கூறின் அது வேறு. அதற்கு மருத்துவரைக் காலந்தாழ்த்தாது அடுத்தல் வேண்டும்.

மேலே எழுப்பிய வினாவிற்கு, மீளக் கேட்க மாட்டாதான் சமயவொழுக்கத்திற்குப் புறம்பல்லன் என்பதே எம் துணிபு. சரியை, கிரியை, யோகம், ஞானம் என நெறி நான்காய் வகுக்கப்பட்டமையும், உயிர்களின் பக்குவம் ஒருபடித்தன்மையை உட்கொண்டே. திருவலகிடலும், திருமெழுக்கிடலும், பூத்தொடுத்தலும் கையாலுங் காலாலுஞ் செய்வன. வெறுங்கையோடிருந்து கேட்க மாட்டாதார் பலர் கைக்கொரு தொழில் வாய்த்தவிடத்துச் செவியால் நன்கு கேட்கின்றனர். மாலை தொடுத்துக்கொண்டே பதிகங் கேட்கும் சிறுவனை, அமர்ந்து கேளென்று அதட்டி அவன் கேள்வியைக் கெடுக்கும் ஆசிரியரை யாம் கண்டதுண்டு.

அம்மாவட்டத்திலேயே பூண்டியில் திருவெண்பாக்கம் என்னும் பாடல்பெற்ற தலம் உளது. 1944-ஆம் ஆண்டில் நிறைவெய்திய நீர்த்தேக்கத்தின் பொருட்டுப் பழைய ஆலயம் அகற்றப்பட்டு, இப்போதுள்ள இடத்தில் மீள அமைக்கப்பட்டது. திருவொற்றியூரிற் செய்த சூளுறவு பிழைத்துக் கண்ணிழந்த நம்பியாரூரர் அங்கு வந்து வேண்டியபோது இறைவன் கண் கொடுத்தானல்லன், ஊன்றுகோலொன்று கொடுத்தான். ஒரு கண் காஞ்சியிலும் மற்றது ஆரூரிலும் பின்னர்க் கிடைத்தன. அங்கே பிழையும் இருந்தது, குறையும் இருந்தது. பிழையை எண்ணிக் கோல் மறுக்கப்படவில்லை. பேரனிடத்திற் பிழையுமில்லை. கைக்கொரு வேலை, இடையிடையே ஒரு வினா, கால்மணி நேரத்திற்கொருமுறை எழுந்து நடந்துவர இசைவு: இம்மூன்றும் அவனுக்குக் கோல். முகாமின் சிறுவீட்டில் மூதாட்டியார் முருங்கைக்கீரை உருவிக்கொண்டு கதை கூறும் மாலையில், அக்கீரையிற் பாதியை அவன் மடியில் இட்டுவிட்டால் அன்று கதை கிணற்றடியைக் கடந்து தோணிவரை செல்லக்கூடும்.